பல்கலைக்கழக அனுமதி: மாவட்டக் கோடுகளும் நம் பிள்ளைகளும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டி நடைபெற்ற கல்வி அமர்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வோர் ஆண்டும் இம்மஹல்லாவின் பெற்றோர் இரண்டு கேள்விகளோடு வருகின்றனர். "என் மகனுக்கு மூன்று பாடங்களிலும் நல்ல சித்தி, ஆனாலும் ஏன் இடமில்லை?" என்பது முதலாவது. "அடுத்த பிள்ளையை வேறு மாவட்டத்துப் பாடசாலையில் சேர்த்துவிடலாமா?" என்பது இரண்டாவது. முதற் கேள்வியில் வேதனை இருக்கிறது. இரண்டாவதில் சிறிது தந்திரமும் இருக்கிறது; அதை நான் குறையாகச் சொல்லவில்லை. இவ்விரண்டுக்கும் விடை காண வேண்டுமாயின், நமது நாட்டின் பல்கலைக்கழக அனுமதி முறை எவ்வாறு உருவானது என்பதைச் சற்று விரிவாகவே பார்த்தாக வேண்டும். பொறுமையுடன் செவிமடுக்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942-ஆம் ஆண்டு தோன்றியது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945 ஒக்டோபர் முதலாந் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிக் கற்கலாம் என்ற அந்த ஏற்பாட்டைப் பெற்ற நாடுகள் ஆசியாவில் அன்று மிகச் சிலவே. எனினும் கட்டணம் நீங்கியதே தவிர, வாயில் அகலவில்லை. பாடசாலைகள் பெருகின, தாய்மொழிக் கல்வி பரவியது, உயர்தரம் எழுதுவோர் ஆயிரங்களாய்ப் பெருகினர். பல்கலைக்கழக இடங்களோ மிக மெதுவாகவே கூடின. இன்று நாம் அனுபவிக்கும் அத்தனை நெருக்கடிக்கும் வேர் இங்கேதான் உள்ளது. இடங்கள் போதுமானவையாக இருந்திருந்தால், அவற்றை எப்படிப் பங்கிடுவது என்ற சண்டைக்கே தேவை இருந்திராது.

1970 வரை அனுமதி மூலப் புள்ளிகளின்படியே வழங்கப்பட்டது. அதிக புள்ளி பெற்றவர் உள்ளே சென்றார். இது நேர்மையானது போலத் தோன்றும். ஆயின் விஞ்ஞான ஆய்வுகூடமும் தேர்ந்த ஆசிரியரும் உள்ள பாடசாலைகள் கொழும்பிலும், கண்டி, காலி போன்ற நகரங்களிலும், யாழ்ப்பாணக் குடாநாட்டிலுமே திரண்டிருந்தன. குடாநாட்டின் முன்னேற்றம் ஒரே நாளில் வந்ததன்று. 1823-இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவிய காலந்தொட்டு ஒன்றரை நூற்றாண்டு உழைப்பு அதன் பின்னால் இருந்தது. நமது முன்னோரோ மதமாற்ற அச்சத்தினால் அதே மிஷன் பாடசாலைகளை விட்டு விலகி நின்றனர். அறிஞர் சித்திலெப்பை அவர்களின் தூண்டுதலால் ஸாஹிராவுக்கு வித்திடப்பட்டது 1892-இல்தான். இந்த எழுபது ஆண்டு இடைவெளி நாம் நினைவில் இருத்த வேண்டிய ஒன்று. பின்தங்கியவர் எவருக்கும் அறிவு குறைவு என்று பொருளன்று. அவர்கள் தாமதமாகத் தொடங்கினார்கள் என்பதே பொருள்.

1970-இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் இந்த ஏற்றத்தாழ்வுக்குக் கண்ட பரிகாரம், மொழிக்கொரு வெட்டுப்புள்ளி என்பதாகும். மருத்துவ பீடத்துக்கு 400 புள்ளிகளில் சிங்கள மொழி மாணவருக்கு 229, தமிழ் மொழி மாணவருக்கு 250 என்று வரையறுக்கப்பட்டது. பேராதனைப் பொறியியல் பீடத்துக்கு முறையே 227-உம் 250-உம். அதன்பின் 1973-இல் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974-இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. 1969-இல் பொறியியல் பீடத்தில் ஏறக்குறையப் பாதியாக இருந்த தமிழ் மாணவரின் பங்கு 1974-இல் ஆறில் ஒன்றாக வீழ்ந்தது. நன்கு படித்த ஓர் இளைஞனிடம், "உன் மொழிக்கு இருபது புள்ளி கூடுதலாக வேண்டும்" என்று அரசு சொன்னதன் விளைவை இந்நாடு முப்பது ஆண்டு காலம் அனுபவித்தது. அந்தப் போருக்குக் காரணங்கள் பல உண்டு. ஆயினும் யாழ்ப்பாணத்து இளைஞரின் மனத்தில் முதலில் தைத்த முள் இதுவே என்பதை மறுப்பவர் எவரையும் நான் கண்டதில்லை.

அக்காலத்துக் கல்வி அமைச்சர் நம் சமூகத்தவரான கலாநிதி பதியுதீன் மஹ்மூத் அவர்கள் என்பதையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. முஸ்லிம் பாடசாலைகளும் முஸ்லிம் ஆசிரியர் நியமனங்களும் பெருகியமைக்காக நாம் அவரை நன்றியுடன் நினைவுகூர்கிறோம். வடக்கின் சகோதரர்கள் அவரை வேறு விதமாக நினைவுகூர்கின்றனர். இரு நினைவுகளும் உண்மையானவையே. நமது மேடைகளில் முதலாவதை மட்டும் பேசி இரண்டாவதை மறைத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அது முறையன்று என்பது என் கருத்து.

மறுபக்கத்தையும் நோக்குவோம். ஆய்வுகூடத்தைக் கண்ணாலும் காணாத மொனராகலைப் பிள்ளையும், கொழும்பின் பிரபல கல்லூரியில் கற்ற பிள்ளையும் ஒரே தாளை எழுதினால், புள்ளி ஒன்றாக இருப்பினும் உழைப்பு ஒன்றாகுமா? கிராமத்துப் படித்த இளைஞரின் ஆத்திரம் எவ்வளவு ஆழமானது என்பதை 1971 ஏப்ரல் கிளர்ச்சி காட்டியது. ஆகவே மாவட்ட அடிப்படை என்ற எண்ணத்தில் நியாயமே இல்லை என்று வாதிட நான் வரவில்லை. மொழியைக் கொண்டு பிரித்தது அநீதி. வசதியைக் கொண்டு பிரிக்க முயன்றது நியாயமான முயற்சி. ஆனால் வசதியை அளக்க அவர்கள் எடுத்த கோல்தான் தவறானது. அதற்கு வருகிறேன்.

1977-இல் ஆட்சி மாறியபின் மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. 1978-ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்தின்கீழ்ப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அமைந்தது. 1979-இல் 30 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்டங்களுக்கு, 15 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்ற சூத்திரம் வந்தது. இடையில் மாற்றங்கள் நிகழ்ந்து, இன்று 40, 55, 5 என நிற்கிறது. அதாவது நூறு இடங்களில் 40 நாடு முழுவதும் முதன்மை பெற்றோருக்கு. 55 மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படி. எஞ்சிய 5 கல்வியில் பின்தங்கியவை எனப் பட்டியலிடப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. கலைப் பிரிவுக்கு இந்த மாவட்டக் கணக்கு இல்லை. அங்கே அகில இலங்கைத் திறமை அடிப்படையே. அந்தப் பதினாறில் யாழ்ப்பாணமும் ஒன்று என்பதைக் கவனியுங்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அளவுக்கு மீறி முன்னேறியதெனத் தடுத்து நிறுத்தப்பட்ட மாவட்டம், இன்று பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் நிற்கிறது.

2001 முதல் இஸட் புள்ளி முறை நடைமுறையில் உள்ளது. இதனைப் பெற்றோரில் பலர் ஏதோ மாயக்கணக்கு என்று எண்ணுகின்றனர். உண்மையில் எளிதானது. ஒரு பாடத்தில் எல்லோரும் பெற்ற புள்ளிகளின் சராசரியிலிருந்து உங்கள் பிள்ளை எவ்வளவு தூரம் மேலே நிற்கிறார் என்பதை, அப்பாடத்தின் புள்ளிகள் பரந்துள்ள அளவால் வகுத்துப் பெறுவதே அது. பௌதிகவியலில் சராசரி 40, பரவல் 15 என்று கொள்வோம். 70 பெற்ற மாணவரின் இஸட் புள்ளி 2. இன்னொரு பாடத்தில் சராசரி 55, பரவல் 10 எனில், அதே 70-க்கு ஒன்றரைதான். ஆகவே கடினமான பாடத்தில் பெற்ற எழுபதும் இலகுவான பாடத்தில் பெற்ற எழுபதும் ஒன்றாகக் கணிக்கப்படுவதில்லை. மூன்று பாடங்களின் சராசரியே இறுதிப் புள்ளி. இது நல்ல முறை. 2011-ஆம் ஆண்டுப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தினரையும் புதிய பாடத்திட்டத்தினரையும் ஒன்றாகக் கலந்து கணித்ததனால் பெருங் குழப்பம் ஏற்பட்டு, 2012 ஜூனில் உயர் நீதிமன்றம் தலையிட்டு அக்கணிப்பை இரத்துச் செய்தது. அது முறையைக் கையாண்டோரின் பிழை. பாடங்களுக்கிடையிலான வேறுபாட்டைத்தான் இஸட் புள்ளி சரிசெய்யும். ஆசிரியரில்லாத பாடசாலைக்கும் ஆசிரியருள்ள பாடசாலைக்கும் இடையிலான வேறுபாட்டை அது சரிசெய்யாது. அந்த வேலை மாவட்டக் கோட்டிடம் விடப்பட்டுள்ளது.

மாவட்டக் கோடு அந்த வேலையைச் செய்கிறதா? நம் மஹல்லாவையே எடுத்துக்கொள்வோம். மருதானையிலும் மாளிகாவத்தையிலும் கிராண்ட்பாஸிலும் ஓர் அறை வீட்டில் ஆறு பேருடன் வாழ்ந்து, படிக்க மேசையின்றிப் பள்ளிவாசல் மாடியில் அமர்ந்து படிக்கும் பிள்ளை, கொழும்பு மாவட்டப் பிள்ளை. கறுவாத் தோட்டத்தில் குளிரூட்டிய அறையில் பாடத்துக்கொரு பிரத்தியேக ஆசிரியரை வைத்துப் படிக்கும் பிள்ளையும் கொழும்பு மாவட்டப் பிள்ளையே. இருவருக்கும் ஒரே வெட்டுப்புள்ளி. அதுவும் நாட்டிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. மறுபுறம், பின்தங்கிய மாவட்டமொன்றின் நகரில் வசதியோடு வாழும் வைத்தியரின் பிள்ளைக்குத் தாழ்ந்த வெட்டுப்புள்ளி கிடைக்கிறது. அதே மாவட்டத்தின் உட்கிராமத்துப் பிள்ளை அவருடன் போட்டியிட்டுத் தோற்கிறது. அம்பாறையில் கல்முனை நகரப் பாடசாலையும் பொத்துவிலும் தெஹியத்தகண்டியும் ஒரே கோட்டுக்குள்தான். கண்டியின் புகழ்பெற்ற கல்லூரிகளும் அம்மாவட்டத்தின் தோட்டப் பாடசாலைகளும் ஒரே கோட்டுக்குள்தான். வசதி குறைந்த பிள்ளைக்கு உதவ வந்த சட்டம், வசதி குறைந்த மாவட்டத்தின் வசதியான பிள்ளைக்கே பெரிதும் உதவுகிறது.

இக்கோட்டின் இன்னொரு துயரத்தை நம் சமூகமே அனுபவித்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிற் பெரும்பாலோர் புத்தளத்தில் அகதிகளாயினர். அவர்களுடைய பிள்ளைகள் புத்தளத்துப் பாடசாலைகளிலேயே படித்து, புத்தளத்துக்குரிய இடங்களுக்கே போட்டியிட்டனர். ஏற்கெனவே ஆசிரியர் பற்றாக்குறையால் தவித்த உள்ளூர் முஸ்லிம்களுக்கும் வந்தோருக்கும் இடையே இதனால் மனத்தாங்கல் எழுந்தது. இரு சாராரும் ஒரே பள்ளியில் தொழுதவர்கள். இடங்கள் சிலவாக இருக்கையில் சகோதரரும் போட்டியாளராகிவிடுகின்றனர்.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பிள்ளையை வேறு மாவட்டத்துக்கு அனுப்பலாமா? பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் கற்றார் என்பதைக் கொண்டே மாவட்டம் தீர்மானிக்கப்படுவதால், சாதாரண தரம் முடிந்ததும் இடம்பெயரும் பழக்கம் நெடுங்காலமாக உண்டு. வரவேட்டில் பெயர் ஓரிடத்தில், பிள்ளை இருப்பது கொழும்பின் பிரத்தியேக வகுப்பில் என்ற நிலையையும் காண்கிறோம். முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கப் போலி உறுதியும் போலி வாடகை ஒப்பந்தமும் தேடுவது போன்றதே இதுவும். அங்கும் வீட்டின் தூரத்துக்கும் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கும் வகுக்கப்பட்ட பங்குகள், காணி வாங்கக் கூடியவருக்கே வாயிலைத் திறந்துவிட்டன. மெய்யாகவே குடிபெயர்வது சட்டப்படி சரி. ஆனால் பெயரை மட்டும் அனுப்பினால், அவ்வூரில் உண்மையாகவே ஆசிரியரின்றிப் படித்த ஒரு பிள்ளையின் இடத்தை எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பிள்ளையின் தந்தை நம்மிடம் கணக்குக் கேட்டால் என்ன சொல்வோம்? இவ்விடயத்தில் நிருவாக சபை எவருக்கும் சான்றுக் கடிதம் வழங்கக் கூடாதென்பது என் பணிவான வேண்டுகோள்.

பங்கீட்டைப் பற்றியே ஐம்பது ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். பங்கிடப்படும் பண்டத்தின் அளவைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அண்மைய ஆண்டுகளில் பல்கலைக்கழக நுழைவுத் தகுதி பெறுவோர் ஒன்றரை இலட்சத்துக்கும் மேல். 17 அரச பல்கலைக்கழகங்களிலும் சேர்த்து அனுமதி பெறுவோர் நாற்பதாயிரத்தைச் சற்றுத் தாண்டுவர். நால்வர் தகுதி பெற்றால் ஒருவருக்கே இடம். மூன்று முறை எழுத அனுமதி உண்டு என்பதால், மூன்று முறையும் எழுதி, மூன்று ஆண்டும் பிரத்தியேக வகுப்புக் கட்டணம் செலுத்தி, இருபத்திரண்டு வயதில் வெறுங்கையுடன் நிற்கும் இளைஞரை நம் தெருவிலேயே காண்கிறோம். கொவிட் தொற்றும் பொருளாதார நெருக்கடியும் இதை இன்னும் நீட்டின. 2022-ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2023 ஜனவரியில் தொடங்கி, பெறுபேறு செப்டெம்பரில் வந்தது. அந்த எட்டு மாதத்தை யார் திருப்பித் தருவார்?

அதற்கும் கீழே செல்ல வேண்டும். நாட்டில் பத்தாயிரத்துக்குச் சற்று அதிகமான அரசாங்கப் பாடசாலைகள் உள்ளன. அவற்றுள் உயர்தரத்தில் விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் உள்ள 1 ஏபி தரப் பாடசாலைகள் ஏறத்தாழ ஆயிரமே. பத்தில் ஒன்று! பெரும்பாலான பிள்ளைகளின் தலைவிதி மானியங்கள் ஆணைக்குழுவால் தீர்மானிக்கப்படுவதில்லை. அவரவர் ஊர்ப் பாடசாலையில் இரசாயனவியல் ஆசிரியர் இல்லாதபோதே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. தமிழ் மொழிமூலப் பாடசாலைகளில் இந்தப் பற்றாக்குறை இன்னும் கடுமையானது. அதனால் நம் பிள்ளைகள் கலைப் பிரிவில் குவிகின்றனர். கலை இழிந்ததென்று நான் சொல்லவில்லை. விரும்பித் தேர்ந்தால் அது உயர்வானதே. வேறு வழியின்றித் தள்ளப்பட்டு, பட்டமும் பெற்று, வேலை கேட்டு வீதியில் அமர்வதுதான் வேதனை. 2013-இல் தொழினுட்பப் பிரிவு அறிமுகமானபோது இந்நிலை மாறுமென நம்பினோம். ஆசிரியரும் கருவிகளும் உள்ள பாடசாலைகளில் மாறியது. இல்லாத இடங்களில் பெயர்ப்பலகை மட்டும் மாறியது. இன்னொன்று: உயர்தரத்தைத் தமிழில் எழுதி மருத்துவ, பொறியியல் பீடங்களுக்குள் நுழையும் பிள்ளை முதல் நாளே ஆங்கிலத்தில் விரிவுரை கேட்க வேண்டும். நுழைந்தபின் தடுமாறுவோர் பலர்.

ஆண்பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாட்டின் பல்கலைக்கழகங்களில் மாணவியர் அறுபது சதவீதத்துக்கும் மேல். நம்மவரிடையே ஆண்பிள்ளைகள் சாதாரண தரத்தோடு கடைக்கும் வளைகுடாவுக்கும் சென்றுவிடுவதை யாவரும் அறிவோம். "படித்து என்ன ஆகப்போகிறது?" என்று சொல்லும் தந்தைக்கு மேற்சொன்ன நாலுக்கு ஒன்று என்ற கணக்கே துணையாகிவிடுகிறது. வாயில் ஒடுங்கினால், வாயிலுக்கு வருவதையே சிலர் நிறுத்திக்கொள்கின்றனர்.

என்ன செய்யலாம்? மாவட்டத்துக்குப் பதிலாகப் பாடசாலையின் நிலையையும் குடும்பத்தின் வருமானத்தையும் கணக்கில் எடுக்கும் முறை வேண்டும் என்று கல்வியாளர் சிலர் கூறிவருகின்றனர். நானும் அதையே சரியெனக் கருதுகிறேன். ஆனால் அவ்வாறு மாற்றும்போது ஏற்கெனவே இடம் பெறுவோர் எதிர்ப்பர் என்பதால் எந்த அரசாங்கமும் அதைத் தொடுவதில்லை. ஒதுக்கீட்டை உடனே ஒழித்துவிட வேண்டும் என்போருடனும் எனக்கு உடன்பாடில்லை. மன்னாரிலும் மொனராகலையிலும் ஆசிரியரை நியமிக்காமல் ஒதுக்கீட்டை மட்டும் எடுத்தால், 1970-க்கு முந்திய நிலைக்கே திரும்புவோம்.

அரசு செய்யும்வரை காத்திருக்க நம் முன்னோர் நினைக்கவில்லை. அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் 1945-இலேயே இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கினார். இலவசக் கல்வி வந்த அதே ஆண்டு என்பது கவனிக்கத்தக்கது. கட்டணம் நீங்கினாலும் விடுதிச் செலவும் புத்தகச் செலவும் நீங்காது என்பதை அவர் உணர்ந்திருந்தார். நமது ஜமாஅத்தின் கல்வி நிதியைப் பல்கலைக்கழகம் சென்றவருக்குப் பரிசளிப்பதில் மட்டும் செலவிடாமல், ஒன்பதாம், பத்தாம் தரங்களில் கணிதத்தில் தடுமாறும் பிள்ளைகளுக்கும் செலவிடுவோமாக. பரிசளிப்பு விழாவில் புகைப்படம் கிடைக்கும். பத்தாம் தரக் கணித வகுப்பில் கிடைக்காது. ஆயினும் உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் கற்கும் கதவு அங்கேதான் மூடுகிறது. பள்ளிவாசல் மாடியை மஃரிபுக்குப் பின் படிப்பறையாகத் திறந்துவிட்ட நிருவாகத்துக்கு நன்றி கூறும் அதே வேளை, அங்கு ஒரு கணித ஆசிரியரையும் ஓர் ஆங்கில ஆசிரியரையும் அமர்த்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இடம் கிடைக்காத பிள்ளைகளுக்கு வேறு வாயில்கள் உண்டென்பதும் பலருக்குத் தெரியாது. திறந்த பல்கலைக்கழகம் 1980 முதல் இயங்குகிறது. தொழினுட்பக் கல்லூரிகள் உள்ளன. தகுதி பெற்றும் அனுமதி கிட்டாதோர் அரசு சாரா நிறுவனங்களில் பட்டம் பயில, வட்டியில்லாக் கல்விக் கடன் திட்டமொன்றை அரசு 2017-இல் தொடங்கியது. வட்டிக்கு அஞ்சி விலகி நிற்கும் நம் குடும்பங்கள் இத்திட்டத்தின் விவரங்களை விசாரித்துப் பார்க்கட்டும்.

கடைசியாக, பெற்றோர் உடனடியாகச் செய்ய வேண்டிய ஒன்று. பெறுபேறு வந்தபின் ஆணைக்குழு வெளியிடும் கைந்நூலைப் பிள்ளையுடன் அமர்ந்து முழுமையாக வாசியுங்கள். பாடநெறிகளின் விருப்ப வரிசையைப் பக்கத்து வீட்டாரின் விண்ணப்பத்தைப் பார்த்து நிரப்பாதீர்கள். மருத்துவத்தை மட்டும் எழுதிவிட்டு ஏனையவற்றை ஏனோதானோவென்று நிரப்பிய பிள்ளைகள், தமக்குரிய வேறு நல்ல பாடநெறிகளையும் இழக்க நேரிடும். கடந்த ஆண்டு நம் மஹல்லாவிலிருந்து பல்கலைக்கழகம் சென்ற பிள்ளைகள், விண்ணப்பக் காலத்தில் வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் பின் படிப்பறையில் அமர்ந்து உதவ முன்வந்துள்ளனர். பெறுபேற்றுத் தாளுடனும் தேசிய அடையாள அட்டையுடனும் பிள்ளையை அழைத்து வாருங்கள். தாய்மாருக்கும் மாணவியருக்கும் கீழ்த்தளத்தில் தனியாக ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது.